மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மாஸ்டர் முதலில் வலது கால் செருப்பைக் கழற்றுவார். இடது கால் செருப்பு அப்படியே இருக்கும். கழற்றியதைக் கதவோரமாகத் தள்ளிவிட்டு, வெறும் பாதத்தைத் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் மெத்தென்று வைப்பார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வண்டிகளில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்றை மிதித்தால் மற்றதும் கூடவே இறங்கும். "செருப்புக்கு என்ன சார் தெரியும்? பாதத்துக்குத்தான் தெரியும், ஓட்டுறவர் எப்ப பயப்படுறாருன்னு" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாக இதே வேலை. ஜன்னல் பக்கத்துக் கை மற்றக் கையைவிட நன்றாகக் கறுத்திருக்கும். சட்டைப் பையில் கண்ணாடி துடைக்கும் துணி ஒன்றும் ஐந்தாறு பெப்பர்மிண்டும் இருக்கும். நடுச்சாலையில் எஞ்சினை அணைத்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பவர்களுக்கு ஒரு பெப்பர்மிண்ட் கிடைக்கும். "மொதல்ல இத வாயில போடுங்க. பின்னால ஹாரன் அடிக்கிறவருக்கு வேற வேலை இல்ல" என்பார். அவர் யாரையும் திட்டி ஒருவரும் கேட்டதில்லை.

ஆனால் அந்த வலது கால் அவர் பேச்சைக் கேட்காது. பேருந்தில் போனாலும் மிதிக்கும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது டம்ளரில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினால் தரையை மிதிக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் படுத்துக்கொண்டு அவர் மிதித்த மிதியில் கால் பலகையே கழன்றுவிட்டது என்று அவருடைய அக்கா சொல்வார். அக்கா எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறவர் என்பதால் அதில் பாதியை நம்பலாம்.

மாஸ்டர் கற்றுக்கொடுப்பது கதையால். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் கையைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், கியரைப் பார்ப்பார்கள், சாலையை மட்டும் பார்க்க மாட்டார்கள். பயத்தில் இருக்கிற மனதைக் கொஞ்சம் கதைப் பக்கம் இழுத்துவிட்டால் கண் தானாகச் சாலைக்குப் போய்விடும் என்பது அவர் கண்டுபிடித்தது. அதனால் பாடத்துக்கு ஒரு கதை வைத்திருக்கிறார். மேட்டில் நிறுத்தி எடுப்பதற்கு ஒரு சைக்கிள் கதை. ரவுண்டானாவுக்கு, உள்ளே நுழைந்த பிள்ளை வெளியே வரத் தெரியாமல் பதினோரு சுற்றுச் சுற்றி, கடைசியில் போக்குவரத்துக் காவலர் கைப்பிடித்து அனுப்பிய கதை. வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு, பின்பக்கமாகவே நடந்த கதை.

இதில் கடைசிக் கதைக்குத்தான் மவுசு. பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டிவிட்டு, எட்டு வயதுப் பிள்ளை அத்தையின் கைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, அதில் பின்னால் பார்த்தபடியே ஒரு வாரம் பின்பக்கமாக நடந்து பள்ளிக்குப் போனது. நான்கு நாள் ராஜநடை. ஐந்தாம் நாள் கண்ணாடியில் தெரு தெரிந்தது, ஆள் தெரிந்தது, லாரி தெரிந்தது. கீழே படுத்திருந்த நாய் மட்டும் தெரியவில்லை. முட்டியில் கட்டு, கண்ணாடி சுக்குநூறு. "கண்ணாடி எல்லாத்தையும் காட்டாது. ஒரு தடவ திரும்பியும் பாக்கணும்" என்று மாஸ்டர் முடிப்பதற்கும் வண்டி கோட்டுக்குள் ஒழுங்காகப் போய் நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

எல்லாக் கதையிலும் வருவது ஒரே ஆள். அவருடைய ஒரே பிள்ளை. தாய் சீக்கிரமே போய்விட, அத்தையான அந்த அக்காவும் மாஸ்டருமாக வளர்த்த பிள்ளை. இப்போது இருபத்தேழு வயது. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலை. திருநங்கை.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அப்பாவை எதிரே உட்காரவைத்து, தான் அறிந்த நாளிலிருந்து தான் பெண்தான் என்றும், இனி அப்படியே வாழப்போவதாகவும் சொன்னாள். மேசைக்கடியில் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, பிரேக் புடிக்காதீங்க" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபப்படத் தெரியாத மனிதர் அவர். காலை எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து "என் பொண்ணு" என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வுக்குப் போகிறவர்கள் கண் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும். தன்னிடம் கற்பவர்களை எல்லாம் மாஸ்டர் மகளிடமே அனுப்புவார். "என் பொண்ணு பாத்துக் குடுப்பா. கொஞ்சம் கறாரா இருப்பா, பயப்படாதீங்க" என்பார். தடுமாற்றமெல்லாம் கதைகளில்தான் இருந்தது. வருஷக்கணக்கில் ஒரே மாதிரி சொல்லிப் பழகிய நாக்கு, கதைக்குள் நுழைந்ததும் பழைய தடத்தில் விழுந்துவிடும். "அவன் பாருங்க, கண்ணாடியத் தூக்கிக்கிட்டு" என்று ஓடும். அது தவறென்று அவருக்கு உறைக்கவும் இல்லை. நடந்து முடிந்த கதைதானே, அதில் என்ன என்று நினைத்திருந்தார்.

அந்த நினைப்பைக் கெடுத்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு நெட்டை மனிதர். மாஸ்டரிடம் ஓட்டக் கற்றார், கதை கேட்டார், சான்றிதழுக்காகக் கடைக்குப் போனார். மாஸ்டருக்கு ஒரே பிள்ளை, கதையில் வருவது பையன், கடையில் இருப்பது பெண். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிச்சை அவிழ்த்துவிட்டார். நான்கு வாடிக்கையாளர்கள் காத்திருக்க, "அந்தக் கதைல வர்ற பையன் நீங்கதானா? அப்ப பேரு என்ன உங்களுக்கு?" என்று கேட்டார்.

அவள் எழுத்துப் பலகையைக் காட்டும் குச்சியைக் கீழே வைக்கவில்லை. "கடைசி வரியப் படிங்க சார்" என்றாள். அவர் படித்தார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆனால் அங்கே காத்திருந்தவர்களில் ஒருவர்கூட அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. வேலை முடிந்ததும் நேரே அப்பாவிடம் வந்தாள்.

"யாருக்கு என்னப் பத்தி எவ்வளவு தெரியணுங்கறது நான் முடிவு பண்றதுப்பா. உங்க வண்டில ஏறுற எல்லாருக்கும் தெரிஞ்சுடுது."

"நான் இப்ப உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா. அது அப்ப நடந்தது."

"அப்ப நடந்ததும் எனக்குத்தானேப்பா நடந்துச்சு? நாய் மேல விழுந்தது நான்தானே?"

மறுநாள் நெட்டை மனிதருக்குக் கடைசி வகுப்பு. ரிவர்ஸ் எடுக்கையில் மாஸ்டர் அவரிடம் ஒன்று மட்டும் சொன்னார். "சார், பின்னால வர்ற வண்டியப் பாக்கத்தான் இந்தக் கண்ணாடி. அடுத்தவங்க வீட்டு ஜன்னலப் பாக்க இல்ல." நெட்டை மனிதருக்கு அது போய்ச் சேர்ந்தது. காதுமடல் வரை சிவந்துபோனார்.

மாஸ்டர் கதையையே நிறுத்திவிட்டார். வாயைத் திறந்தால்தானே வம்பு. வண்டிக்குள் கிளட்ச்சின் முனகலும் கற்பவரின் பெருமூச்சும்தான் மிச்சம். பெப்பர்மிண்ட் கிலோக் கணக்கில் காலியானது. அந்த மாதம் தேர்வுக்குப் போனவர்களில் ஆறு பேர் மேட்டில் பின்னால் உருண்டு தோற்றார்கள். அதில் ஒரு அம்மாள் உருண்ட வேகத்தில் தேர்வு அதிகாரியின் சைக்கிளை நெளித்துவிட்டார்.

செய்தி கண்ணாடிக் கடை வரை போயிற்று. மகள் வந்து கேட்டாள்.

"ஏன்பா கதையே சொல்றதில்லையாம்?"

"தப்பாச் சொல்லிட்டா உனக்குக் கஷ்டம். அதான் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அப்ப எனக்குச் சின்ன வயசே கிடையாதா? இருபத்திரண்டு வயசுல நேரா வந்து குதிச்சேனா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. பிள்ளையைப் புண்படுத்தக் கூடாதென்று, பிள்ளையின் சின்ன வயதையே மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டோமே என்று அவருக்கு அன்றுதான் புரிந்தது. அழுகை வரும்போல இருந்தது. அதற்குப் பதிலாக மகளிடம் ஒரு பெப்பர்மிண்டை நீட்டினார். அவளும் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

முதலில் குறுக்கு வழிகளைத்தான் தேடினார். "நம்மாளு" என்று சொல்லிப் பார்த்தார். யாரோ ரவுடியின் கதைபோல இருந்தது. "புள்ள, புள்ள" என்றே ஓட்டிப் பார்த்தார். மூச்சுக்கு முந்நூறு புள்ள வந்தது. மகள் இரண்டையும் தள்ளிவிட்டாள். "நீங்க ஒளிச்சு வெக்க வேண்டாம்பா. உங்க பொண்ணு கதைய உங்க பொண்ணு கதையாச் சொல்லுங்க. அவ்வளவுதான்" என்றாள்.

அதன் பிறகு நடந்தது மாஸ்டருக்கே உரிய காரியம். தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே போய், நிறுத்திவைத்த வண்டியில் தன் இடத்தில் உட்காருவார். வலது செருப்பைக் கழற்றுவார். ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்கும். அந்தக் காலி இருக்கையைப் பார்த்து மூன்று கதைகளையும் வாய்விட்டுச் சொல்லுவார். நாக்கு வழுக்கினால் கால் பிரேக்கில் இறங்கும். மறுபடி முதலிலிருந்து. "எட்டு வயசு சார் என் பொண்ணுக்கு. அத்த கண்ணாடியத் தூக்கிக்கிட்டு அவ பாட்டுக்குக் கிளம்பிட்டா." அப்படி ஆரம்பிக்கும் கதையில் நாய் வருவதற்குள் நாலு முறை மிதித்திருப்பார். காலி வண்டியோடு வாதாடும் மனிதரைப் பார்த்து எதிர்க் கடைக்காரர், மாஸ்டருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

மகள் வேலைக்குப் போகும் வழி அதுதான். பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும் என்பது முப்பது வருஷ மாஸ்டருக்கு அந்த அவசரத்தில் ஞாபகம் வரவில்லை. முதல் நாள் அவள் தெருமுனையில் நின்று பார்த்தாள். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அவளுக்கு என்னவென்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. புரிந்த பிறகு தினமும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்பினாள். ஒரு வாரத்தில் விளக்கு அத்தி பூத்தாற்போல எரிந்தது. பத்தாம் நாள் அவள் தெருமுனையில் கதை முடியும் நேரம் வரை நின்றாள். விளக்கு எரியவே இல்லை. அன்று கடைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய், முதலாளியிடம் சிரித்த முகத்தோடு திட்டு வாங்கிக்கொண்டாள்.

கதைகள் திரும்பி வந்தன. தோற்ற ஆறு பேரில் ஐந்து பேர் அடுத்த மாதமே மேடு ஏறினார்கள். சைக்கிளை நெளித்த அம்மாள் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இனி எல்லாம் சுகம் என்று மாஸ்டர் நினைத்திருந்த வேளையில் அக்கா கார் வாங்கினார்.

அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. பள்ளி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமை ஆசிரியரே அவர் அறைக்கு வெளியே ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். இந்த வயதில் எதற்குக் கார் என்று கேட்டதற்கு, "பஸ்ல கூட்டம் தாங்கல" என்றார். ஆனால் வண்டி வாங்கிய மறுநாளே, "உன் பொண்ணு புது வீட்டுக்குப் போற வழில ஒரு மேடு இருக்காமே, இந்த வண்டி ஏறுமா?" என்று போகிற போக்கில் கேட்டார். மாஸ்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

இரண்டு வருஷமாக மகள் அத்தை வீட்டுப் பக்கம் போகவில்லை. அத்தை வீட்டில் ஒருநாள் பழைய அலுவலகத் தோழிகள் கூடியிருந்தார்கள். அத்தை பெருமையாகத் தம்பி மகளை அறிமுகப்படுத்திவிட்டு, அதே மூச்சில் கண்ணாடிக் கதையை எடுத்து, "அவன் அப்பவே அப்படித்தான், வாலு" என்று அவள் முன்னாலேயே சொன்னார். தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. அக்காவுக்கு அதில் ஆறாத வருத்தம். வருத்தத்தை வீம்பாக மாற்றி வைத்திருந்தார்.

மாஸ்டர் வண்டியில் ஓட்டக் கற்க ஏறிய முதல் நாளே அது வெளிவந்தது. ரவுண்டானாவில், "இங்கதானேடா அவன் பதினோரு சுத்து" என்று அக்கா ஆரம்பிக்க, மாஸ்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், யாரும் இல்லை. மிதித்தார். வண்டி நின்றது.

"என்னடா பண்ணேன்? சரியாத்தானே ஓட்டினேன்?"

"ஓட்டினது சரிதான். சொன்னது தப்பு."

"இப்ப 'அவ'ன்னு சொல்லு, சொல்றேன். என்னைக்காவது மாட்டேன்னேனா? அன்னைக்கு அப்படித்தானே இருந்தது? அத எப்படிடா மாத்திச் சொல்றது? நான் குளிப்பாட்டி வளத்த புள்ள."

"அக்கா, அவளே சொல்றா, அப்பவும் நான்தான்னு. அவளவிட நமக்கு நல்லாத் தெரியுமா?"

"எனக்குப் பொய் சொல்ல வராது."

"சரி, வண்டிய எடு."

இப்படி இருபது நாள். அக்கா சொல்வதும், மாஸ்டர் மிதிப்பதும். அக்கா பிடிவாதத்தில் அரசி என்றால் மாஸ்டர் பொறுமையில் பூமி. இன்னொரு குறையும் இருந்தது. நிறுத்துவதற்கு முன் கண்ணாடி பார், இண்டிகேட்டர் போடு, பிறகு பிரேக் பிடி என்று மாஸ்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அக்கா ஒரு நாளும் அந்த வரிசையில் செய்ததில்லை. முதலில் நிற்பார், பிறகு இண்டிகேட்டர் போடுவார், கடைசியில் கண்ணாடியில் தன் பொட்டைச் சரிசெய்துகொள்வார்.

தேர்வு நாள் நெருங்கியது. கண் சான்றிதழ் வேண்டும்.

"நான் வேற கடைல வாங்கிக்கிறேன்" என்றார் அக்கா.

"என்கிட்ட கத்துக்கிறவங்க அங்கதான் வாங்கணும். சட்டம்" என்றார் மாஸ்டர்.

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே போனார். மாஸ்டர் கடை வாசலில் நின்று, கண்ணாடிச் சட்டங்களை விலை விசாரிப்பவர்போல உள்ளே காதை வைத்திருந்தார். மகள் அத்தையை உயரமான நாற்காலியில் உட்காரவைத்தாள். "அத்த, இடது கண்ண மூடுங்க. மேல் வரி" என்றாள். அத்தை படித்தார். நான்காம் வரியில் எழுத்துகள் மங்கின. வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். பிறகு கிட்டத்தில் வைத்துப் படிப்பதற்கான சின்ன எழுத்து அட்டையை நீட்டினாள். அத்தை அதை வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, ஒரு பழைய போட்டோவை எடுத்துப் பிடித்துக்கொண்டார். எட்டு வயது, முட்டியில் கட்டு, கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சிய ஒரு கண்ணாடி, வாய் நிறைய சிரிப்பு.

மகள் அதைப் பார்த்தாள். கிட்டத்தில் படிப்பதற்கான வில்லையை மாட்டினாள்.

"தெளிவாத் தெரியுதா அத்த?"

"தெரியுது. கட்டுல நான் போட்ட முடிச்சுகூடத் தெரியுது. இவ்வளவு நாள் மங்கலாத்தான் பாத்துட்டிருந்திருக்கேன்."

"புதுக் கண்ணாடி வாங்கினா, பழைய போட்டோவ மட்டும் பழைய கண்ணாடில பாப்பீங்களா?"

அத்தை போட்டோவைப் பைக்குள் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி பார்த்தார். சான்றிதழை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, "நாளன்னைக்கு எனக்குத் தேர்வு. லீவு கிடைச்சா வா" என்றார். தலைமை எழுத்தர் ஒருவர் இதற்கு மேல் கெஞ்ச முடியாது.

தேர்வு நாள் காலை மகள் பின்னிருக்கையில் இருந்தாள். அக்கா புதுக் கண்ணாடியோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கியரைப் பார்த்தார், காலைப் பார்த்தார், சாலையை மட்டும் பார்க்கவில்லை. மாஸ்டர் வலது செருப்பைக் கழற்றிக் கதவோரம் தள்ளிவிட்டு, பாதத்தைப் பிரேக்கின் மேல் வைத்தார். பயத்தைப் போக்க வேண்டுமே என்று தொண்டையைச் செருமினார். "எட்டு வயசுல ஒரு நாள்..."

"நீ சும்மா இரு. உனக்குப் பாதிதான் தெரியும். அன்னைக்கு நாயத் தொரத்தினவ நான். நான் சொல்றேன்" என்றார் அக்கா. வண்டி கிளம்பியது. கண் தானாகச் சாலைக்குப் போய்விட்டது. "காலைல எந்திரிச்சுப் பாக்குறேன், என் கண்ணாடியக் காணோம். வாசல்ல பாத்தா, பையைக் குறுக்க மாட்டிக்கிட்டு, பின்பக்கமா நடந்து அவன் போயிட்டே..."

மாஸ்டர் மிதிக்கவே இல்லை. அதற்குள் அக்காவின் கண் மேலே கண்ணாடிக்குப் போய்த் திரும்பியது. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்தது. மாஸ்டரின் வெறும் பாதத்துக்கடியில் பிரேக் தானாக, மெதுவாக, குலுக்கலே இல்லாமல் கீழே இறங்கியது. வண்டி ஓரமாகப் போய் நின்றது. இருபது நாளில் ஒரு முறைகூட வராத வரிசை.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்லேருந்து சொல்றேன். கேட்டுக்கோடி" என்றார், பின்னால் திரும்பாமல்.

"சொல்லுங்க அத்த."

"காலைல எந்திரிச்சுப் பாக்குறேன், என் கண்ணாடியக் காணோம். வாசல்ல பாத்தா, பையைக் குறுக்க மாட்டிக்கிட்டு, மகாராணி மாதிரி பின்பக்கமா நடந்து போயிட்டிருக்கா..."

வண்டி மறுபடி சாலைக்கு வந்தது. அக்கா கதையில் நாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் மகள், நாய் எந்தப் பக்கம் படுத்திருந்தது என்று அத்தையைத் திருத்திக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பிரேக்கிலிருந்து பாதத்தை எடுத்து, கதவோரம் துழாவி, செருப்பை மாட்டிக்கொண்டார்.